நாற்பது நாள் மாஸ்ரர்

இந்த வருசம் ஆண்டவர் உயிர்த்த பிறகும் ஒரு மனிசனையாவது குந்தி எழும்ப வைப்பது என்று அடைக்கலநாதன் மாஸ்ரர் சபதம் எடுத்தார்.

எடுத்த இடம் கிணற்றடி. சாட்சிக்கு நின்றது ஒரு கோழி. சபதம் முடியுமுன்னே அதுவும் போய்விட்டது.

மாஸ்ரரின் துயரம் விளங்க வேண்டுமென்றால் முதலில் குருநகரின் தவக்காலம், அதாவது உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய நாற்பது நாள், விளங்க வேண்டும். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவை விழுந்த கையோடு ஆளாளுக்கு எதையாவது விடுவார்கள். ஒருவர் இறைச்சியை விடுவார். ஒருவர் சாராயத்தை விடுவார். இன்னொருவர் மனைவியோடு சண்டை பிடிப்பதை விடுவார், மனைவி விடமாட்டாள். இதற்கு ஒறுத்தல் என்று பெயர். பதினொரு வருசத்துக்கு முந்தி மாஸ்ரர் தன் வீட்டு முன்ஹோலில் கொஞ்ச இரும்பும் ஒரு பெரிய கண்ணாடியும் வைத்து ‘அடைக்கலம் உடற்பயிற்சி நிலையம் – ஆளுக்கு ஆள் தனிக்கவனம்’ என்று பலகை தூக்கிய புதிதில், இறைச்சியையும் விட மனமில்லாமல் சாராயத்தையும் விட மனமில்லாமல் தவித்த ஒருவர் வந்து கேட்டார்:

“மாஸ்ரர், இதுக்குள்ளை வந்து நாப்பது நாள் வதைபட்டால் ஒறுத்தலிலை சேருமோ?”

மாஸ்ரர் “சேரும்” என்றார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய சீவியம் நாசமாகிப் போனது.

கதை பரவியது. அடுத்த வருசம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருசம் ஏழு பேர். வதைபட வருகிறவனைப் போல நல்ல மாணாக்கன் உலகத்தில் வேறு கிடையாது. “நோகுதோ?” என்று கேட்டால், “நோகட்டும் மாஸ்ரர், அதுக்குத்தானே வந்தனாங்கள்” என்பான். நெற்றிச் சாம்பல் வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் போனாலும் துடைக்கமாட்டான். தொடை நடுங்க நடுங்கக் குந்துவான். பார்க்கிற மாஸ்ரருக்கு நெஞ்சு நிறையும். கொழும்பிலே குளிரூட்டின அறையில் பயிற்சி கொடுக்கிற எந்தப் பெரிய மாஸ்ரருக்கும் இப்படிப்பட்ட சீவன்கள் கிடைத்திருக்கமாட்டா என்று தோன்றும்.

பெரிய சனி இரவு உயிர்ப்பை அறிவிக்கக் கோயில் மணி அடிக்கும். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து ஒருவரும் வாசலில் மிதிக்கமாட்டார்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பெடியளுக்கென்று புதிதாய்த் திறந்த ஜிம்முக்குப் போனாலாவது மாஸ்ரர் பொறாமைப்பட்டு ஆறுதல் அடையலாம். அங்கேயும் போகமாட்டார்கள். எங்கேயும் போகமாட்டார்கள். வீட்டில் இருந்து சாப்பிடுவார்கள்.

“ஆண்டவர் எழும்புற நாளிலை என்ரை ஆக்கள் படுத்திடினம்” என்று மாஸ்ரர் வருசா வருசம் மனைவி றெஜினாவிடம் சொல்லுவார். அழுதுவிடுவாரோ என்று இருக்கும்.

மிச்சம் முந்நூற்றுச் சொச்ச நாளும் அவரும் இரும்பும்தான். கடற்காற்றுக்கு இரும்பு கறள் பிடிக்கும். துடைத்து எண்ணெய் பூசுவார். பூசிவிட்டு ஒரு தரம் தூக்குவார். கண்ணாடியில் ஒரு நாற்பத்தொன்பது வயதுக்காரன் தூக்குவான். இருவரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வருசம் அகப்பட்டவர்கள் நாலு பேர்.

முதலாவது செபமாலை. இளைப்பாறிய தபாற்காரர். வேலையில் இருந்தவரை தினம் முப்பது மைல் சைக்கிள் உழக்கிய மனிசன், ஓய்வு எடுத்த நாளிலிருந்து அதை மிகவும் மும்முரமாக எடுத்து, சீனி வருத்தத்தில் வந்து நின்றார். பெஞ்சில் இருந்து தம்பெல்லை மடியில் வைத்துக்கொள்வார். பிறகு கதை. இரண்டு நாட்டுச் சண்டையை ஒரு தூக்கலில் தொடக்கி, மற்றத் தூக்கல் வருவதற்குள் சமாதானம் பேசி முடித்துவிடுவார். மற்றத் தூக்கல் அநேகமாக அடுத்த நாள்தான் வரும்.

இரண்டாவது பிரகாஸ். கனடாவில் பெண் பேசியிருக்கிறது. கிழமைக்கு ஒரு தரம் வீடியோவில் கதை. வீடியோவில் நெஞ்சுக்கு மேலேதான் தெரியும் என்றபடியால் நெஞ்சுக்குக் கீழே எந்தப் பயிற்சியும் செய்யமாட்டான்.

“டேய், காலுக்கும் கொஞ்சம் செய்யடா.”

“கால் அவவுக்குத் தெரியாது அண்ணை.”

“கலியாணத்துக்குப் பிறகு தெரியாதோடா?”

“அதுக்குப் பிறகு ஏன் அண்ணை?”

மூன்றாவது கனகாம்பிகை. அரியாலையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற வங்கி உத்தியோகத்தர். சைவக்காரி. “எங்கடை விரதமெல்லாம் கடைசியிலை சாப்பாட்டிலை போய் முடியுது மாஸ்ரர். உங்கடை விரதத்திலைதான் மெலியலாம் போலை” என்று நியாயம் சொல்லிச் சேர்ந்தவள். கையில் காலடி எண்ணுகிற மணிக்கூடு. கதிரையில் இருந்தபடியே கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். இருந்த இடத்திலேயே அரியாலைக்குப் போய்த் திரும்பியதாக மணிக்கூடு சொல்லும். மாஸ்ரரை நம்பமாட்டாள். மணிக்கூட்டை நம்புவாள்.

நாலாவது லூர்த்தம்மா. பாசையூர்ச் சந்தையில் மீன் விற்பவ. ஐஸ் போட்ட மீன்பெட்டியைத் தனி ஆளாய்த் தூக்கித் தூக்கி வந்த கை. மாஸ்ரர் இரண்டு கையால் தூக்கிக் காட்டினதை அவ ஒரு கையால் தூக்கிவிட்டு, மற்றக் கையால் சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டா:

“தூக்கியாச்சு. இனி என்ன தம்பி?”

“திரும்ப வையுங்கோ அக்கா.”

“எங்கை?”

“எடுத்த இடத்திலை.”

“அப்ப ஏன் எடுப்பான்?”

மாஸ்ரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமினார்.

பயிற்சி முடிந்ததும் நாலு பேரும் குசினிப் பக்கம் போவார்கள். றெஜினா இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். தவக்காலத்தில் சீனி போடமாட்டாள். அங்கேதான் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஹோலில் ஒருநாளும் கேட்டதில்லை.

பெரிய கிழமை தொடங்க இரண்டு நாள் இருக்கையில் றெஜினா ஹோல் வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ. உயிர்ப்புக்கு அடுத்த புதன் அன்பியச் செபம் எங்கடை வீட்டிலை.”

அன்பியம் என்றால் ஒரே ஒழுங்கையில், ஒரே சந்தில் குடியிருப்பவர்கள் எல்லாம் முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடிச் செபிப்பது. இருபது பேராவது வருவார்கள்.

“நல்லது. வரட்டும்” என்றார் மாஸ்ரர்.

“வந்து எங்கை இருக்கிறது?”

“ஹோலிலை.”

“ஹோலிலை எங்கை?”

மாஸ்ரர் சுற்றிப் பார்த்தார். “பெஞ்ச் இருக்கே.”

“வீடு மந்திரிக்க வந்த சுவாமியும் உந்தப் பெஞ்சிலைதான் இருந்தவர். எழும்பேக்கை உந்த இரும்புப் பொல்லு தலையிலை அடிச்சு, எங்களுக்குத் தெளிக்க வைச்ச தீர்த்தத்தைத் தன்ரை தலையிலை தடவிக்கொண்டு போனவர்.”

“அது அவருக்குக் குனிஞ்சு எழும்பத் தெரியாது.”

“இனிச் சுவாமிக்கும் பயிற்சி குடுக்கப் போறியளோ?” றெஜினாவின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் பயம். “பதினொரு வருசம். என்ரை முறை வரேக்கையெல்லாம் பக்கத்து வீட்டு ஹோலை இரவல் வாங்கிச் செபம் வைக்கிறன். மாதாவுக்கே எங்கடை விலாசம் மறந்துபோச்சு. என்ரை சீதனச் செற்றி, அந்த நீட்டு மெத்தைக் கதிரை, பின்வளவுக் கொட்டிலிலை கிடக்குது. நான் அதிலை இருந்ததை விடக் கோழி இருந்ததுதான் கூட.”

“இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“இரும்பு கொட்டிலுக்குப் போகட்டும். செற்றி ஹோலுக்கு வரட்டும்.”

மாஸ்ரர் பெஞ்சில் இருந்தார். அவர் கேட்டது பகிடிக்கு அல்ல.

“இரும்பு போனால் நான் ஆர் றெஜினா? இந்த ஒழுங்கையிலை சின்னன் பெரிசு எல்லாம் என்னை மாஸ்ரர் எண்டுதான் கூப்பிடுதுகள். நாளைக்கு என்னெண்டு கூப்பிடுவினம்?”

“உங்களுக்குப் பேர் இருக்கு. ஞானஸ்நானத்திலை வைச்சது.”

“அது எல்லாருக்கும் இருக்கு.”

றெஜினா வாசலில் இருந்து உள்ளே வந்தாள். பிறகு சொன்னாள்: “வருசம் முழுக்க ஆக்கள் வந்தால் நான் ஏன் கதைக்கப் போறன்? நாப்பது நாள்தானே வருகினம்? மிச்ச நாளெல்லாம் நீங்களும் கண்ணாடியும்தானே?”

கிணற்றடிச் சபதம் மாஸ்ரருக்குள் எழும்பியது. “இந்த முறை உயிர்ப்புக்குப் பிறகும் வருவினம்.”

“ஆர்?”

“மூண்டு பேராவது.”

“மூண்டு வேண்டாம். ஒண்டு காணும். உயிர்ப்புத் திங்கள் காலமை ஆறு மணிக்கு உந்த வாசலுக்குள்ளாலை ஒரேயொரு ஆள் வரட்டும். செற்றியைப் பற்றி உங்களோடை நான் வாயே திறக்கேன். வராட்டி?”

“வராட்டி நானே இரும்பைக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போறன்.”

“உங்களுக்கு ஏன் அந்தக் கரைச்சல்” என்றுவிட்டு றெஜினா குசினிக்குப் போனாள்.

ஒரு ஆள்! ஒரேயொரு ஆள்! மாஸ்ரருக்கு அவமானமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அன்று பின்னேரமே வேட்டைக்குப் புறப்பட்டார்.

செபமாலை படலையில் நின்றார். “உயிர்ப்புக்குப் பிறகும் ரெண்டு நாளைக்கு வாருங்கோவன்” என்றார் மாஸ்ரர்.

“ஏன் மாஸ்ரர்? ஆண்டவர் உயிர்ப்பாரோ எண்டு சந்தேகமோ?”

பிரகாஸ் வட்ஸ்அப்பில் இருந்தான். “திங்கள் அவவின்ரை கோல் இல்லை அண்ணை. நெஞ்சை ஆருக்குக் காட்டுறது?”

கனகாம்பிகை வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: “முடிஞ்ச விரதத்தைத் திரும்பப் பிடிக்கக்கூடாது மாஸ்ரர். தோசம்.”

மூன்று வாசலிலும் தோற்று, பாசையூர்ச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது மாஸ்ரருக்கு மனித குலத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன சனம். உடம்பு சொந்தம், ஆயுள் சொந்தம், இரண்டையும் சும்மா தருகிறேன் என்று ஒருவன் கதவு கதவாய்த் தட்டினாலும் வேண்டாம் என்கிறது. இப்படி யோசித்துக்கொண்டு நடந்தவர், லூர்த்தம்மாவின் மீன்தட்டுக்கு முன்னால் ஈரத்தில் வழுக்கினார். விழவில்லை. இடுப்புக்கு மேலே, நாரியில் கையை வைத்து “ஐயோ” என்றார். அவ்வளவுதான்.

லூர்த்தம்மா கத்தியை எறிந்துவிட்டு ஓடிவந்தா. பாதி வெட்டின பாரை மீன் அப்படியே கிடந்தது. வாங்க நின்ற சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அவ மாஸ்ரரைத் தூக்கி ஐஸ்பெட்டியில் இருத்தினா.

“நாரி பிடிச்சுப்போட்டுதோ தம்பி? அசையாதை! வீட்டிலை என்ன பாரவேலை இருந்தாலும் சொல்லு. நான் வந்து செய்து தாறன்.”

ஐஸ்பெட்டியின் குளிர் மேலே ஏற ஏற, மாஸ்ரரின் தலைக்குள் வெளிச்சமும் ஏறியது. இந்தச் சனம் தன் வயிற்றுக்காக ஒரு துரும்பையும் தூக்காது. அடுத்தவன் நாரிக்காக மலையையும் தூக்கும். பதினொரு வருசமாய் அவர் பிழையான இடத்தில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஓம் அக்கா” என்று முனகினார். “பிடிச்சுத்தான் போட்டுது. உயிர்ப்புத் திங்கள் காலமை ஆறு மணிக்கு வந்து இரும்பு வேலையிலை ஒரு கை குடுப்பியளோ? றெஜினாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், பயந்திடுவா.”

வந்த வழியே திரும்பினார். இப்போது நொண்டிக்கொண்டு. கனகாம்பிகையின் கை ஆடுவது நின்றது. “கட்டாயம் வாறன் மாஸ்ரர்” என்றாள், கண் கலங்க. பிரகாஸ் ரெலிபோனைக் கீழே வைத்தான். இது சரித்திரத்தில் பதிய வேண்டிய விசயம். செபமாலை, “திங்கள் வரைக்கும் ஏன் பொறுக்க வேணும், இப்பவே வரட்டோ?” என்று செருப்பைப் போட்டுவிட்டார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் மாஸ்ரருக்கு உண்மையாகவே நாரி நொந்தது.

ஒன்றுக்கு நாலு! அன்று அவருக்கு நல்ல நித்திரை வந்தது.

பொய்க்குத் தண்டனை பெரிய வெள்ளியில் வந்தது. சிலுவைப்பாதையில், காலடி எண்ணிக்கைக்காக வந்த கனகாம்பிகையோடு சேர்த்து நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆகவே பதினாலு நிலையும் மாஸ்ரர் நாரியில் கையை ஊன்றி நொண்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் றெஜினா கையிலிருந்த செபமாலை மணிகளை உருட்டியபடி நேரே பார்த்து நடந்தாள்.

“என்ன, நொண்டுறியள்?”

“பக்தி” என்றார் மாஸ்ரர்.

“ஓகோ” என்றாள் றெஜினா.

உயிர்ப்பு ஞாயிறு. நாற்பது நாள் விட்ட இறைச்சியெல்லாம் ஒரே நாளில் குருநகருக்குத் திரும்பி வந்தது. ஒழுங்கை முழுக்கக் கறி வாசம். மாஸ்ரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உயிர்ப்புப் பெருநாளைச் சந்தோசமாகக் கொண்டாடினார். மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். றெஜினாவும் எதிர்ப்பேச்சில்லாமல் போட்டாள்.

திங்கள் காலை அஞ்சரைக்கே இரும்பெல்லாம் துடைத்து மினுங்கியது. மாஸ்ரர் ஒரு கையை நாரியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஐந்து ஐம்பதுக்கு ஒருவரும் இல்லை. ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒரு நாய் எட்டிப் பார்த்தது. “அதைக் கணக்கிலை சேர்க்கேலாது” என்றாள் உள்ளேயிருந்து றெஜினா.

ஆறு அடிக்கக் கனகாம்பிகையின் ஸ்கூட்டர் வந்தது. பின்னாலே செபமாலை. பின்னாலே பிரகாஸ். கடைசியில் ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு லூர்த்தம்மா.

மாஸ்ரர் கண்ட காட்சி அற்புதம் என்றே சொல்ல வேண்டும். கனகாம்பிகையின் கையில் மணிக்கூடு இல்லை. கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். பிரகாஸ் களிசானை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, “இண்டைக்குக் காலுக்கும் வேலை இருக்கண்ணை” என்றான். லூர்த்தம்மா தலைக்குச் சும்மாடு சுற்றி, தோளில் ஒரு கயிறும் போட்டிருந்தா. செபமாலை வாயே திறக்கவில்லை.

“றெஜினா! வந்து எண்ணும்!”

றெஜினா வந்தாள். எண்ணினாள். “நாலு. நீங்கள்தான் வெண்டது” என்று நாலு பேருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டாள். மாஸ்ரருக்குக் கண் நிறைந்தது.

“சரி, தொடங்குவம். முதல்லை கையைச் சுத்தி...”

“நீ ஒண்டும் செய்யாதை தம்பி” என்று லூர்த்தம்மா அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. “நாரியைப் பார். எல்லாம் நாங்கள் பாக்கிறம்.”

சொல்லிவிட்டு இருபது கிலோ தம்பெல்லை இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு பின்வாசலால் நடந்தா. பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பயிற்சி! மாஸ்ரர் நாற்பது நாளும் கெஞ்சியும் ஒருவரும் செய்யாதது! அவருடைய வாய் தானாகத் திறந்தது.

“அப்பிடித்தான் அக்கா! தோள் பின்னுக்கு! பார்வை நேரை!”

பிரகாஸ் தட்டுகளை அடுக்கித் தூக்கினான். “நாரியாலை தூக்காதையடா, முழங்காலை மடி! தொடையாலை எழும்பு! ஆ... அதுதான்!” கனகாம்பிகை சின்னத் தம்பெல் நாலைத் துவாயில் கட்டிக்கொண்டு போனாள். “மூச்சை அடக்காதேங்கோ, ஊதி விடுங்கோ!” செபமாலை நீட்டு இரும்புப் பொல்லைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சொல் பேசாமல் நடந்தார். பெருமையில் மாஸ்ரருக்கு மயிர் சிலிர்த்தது. இந்த ஒரு காலைக்காகத்தான் பதினொரு வருசம் எண்ணெய் பூசினேன் என்று நினைத்தார். போகிறவர்களின் முதுகைத் திருத்தினார். வருகிறவர்களின் முழங்காலைத் திருத்தினார்.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்போது ஹோலில் மிஞ்சியிருந்தது பெஞ்சும் கண்ணாடியும் மட்டும்தான்.

“அக்கா... போன இரும்பெல்லாம் எங்கை?”

“கொட்டிலிலை.”

“ஏன் கொட்டிலிலை?”

“பின்னை? அதுக்குத்தானே கூப்பிட்டனி.”

மாஸ்ரர் துள்ளி எழும்பிப் பெஞ்சைப் பிடித்தார்.

“நாரி!” என்று நாலு குரல் ஒன்றாகக் கத்தியது. பெஞ்சைப் பிடித்த அவருடைய விரல்களைச் செபமாலை ஒவ்வொன்றாக, பாசத்தோடு கழற்றினார்.

“வெக்கப்படாதேங்கோ மாஸ்ரர். றெஜினா எங்களுக்கு எல்லாம் சொன்னவ. மனிசியின்ரை அன்பியத்துக்கு ஹோலை வெறுமையாக்க வேணுமெண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் தனியத் தூக்கப் போய்த்தானே நாரி பிடிச்சது?”

“இப்பிடியும் ஒரு புருசன்” என்று கனகாம்பிகை கண்ணைத் துடைத்தாள். “எங்கடை மனுசன் தன்ரை கோப்பையைக்கூடத் தூக்கமாட்டார்.”

மாஸ்ரர் றெஜினாவைப் பார்த்தார். றெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அது வெட்கம் போல இருந்திருக்கும்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிதான். ஒன்று, என் நாரியில் ஒன்றும் இல்லை, பெரிய கிழமையில் உங்கள் நாலு பேரையும் பேய்க்காட்டினேன், சிலுவைப்பாதை முழுக்கப் பொய்க்கு நொண்டினேன் என்று சொல்லுவது. அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஒருவர் அவரை மாஸ்ரர் என்று கூப்பிடமாட்டார். மற்றது, பேசாமல் இருப்பது.

பேசாமல் இருந்தார்.

பேசாமல் என்றும் சொல்ல முடியாது. பெஞ்சைத் தூக்குகையில் பிரகாஸ் முதுகை வளைத்தான். “நிமிந்து தூக்கடா!” என்று மாஸ்ரரின் வாய் தன்பாட்டில் சொன்னது. பெஞ்ச் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நிமிர்ந்து போனது.

பிறகு செற்றி வந்தது. முன்னுக்கு லூர்த்தம்மா, பின்னுக்கு மூன்று பேர். றெஜினா அதைத் தட்டி, துடைத்து, விரிப்பு விரித்தாள். முதல் ஆளாக மாஸ்ரரையே கொண்டுவந்து இருத்தினார்கள். மெத்தென்று இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். இன்றைக்குச் சீனி போட்டிருந்தாள். முன்ஹோலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“நாப்பது நாளிலை இண்டைக்குத்தான் ஒழுங்கான வேர்வை” என்றார் செபமாலை.

“கால் நடுங்குதண்ணை. நல்லாயிருக்கு” என்றான் பிரகாஸ்.

அவர்கள் போன பிறகு கணவனும் மனைவியும் செற்றியின் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். வெறுங்கண்ணாடியில் அதே காட்சி தெரிந்தது.

“பந்தயத்திலை நான்தான் வெண்டனான்” என்றார் மாஸ்ரர்.

“ஓம். ஆர் இல்லையெண்டது? ஒண்டு கேட்டன், நாலு வந்தது.”

“செற்றியைப் பற்றி வாய் திறக்கேன் எண்டனீர்.”

“உங்களோடை ஒரு சொல் கதைச்சனானோ? இரும்பிலை ஒரு விரல் வைச்சனானோ? கூப்பிட்டது நீங்கள். தூக்கினது உங்கடை ஆக்கள். முழங்காலை மடி, மூச்சை விடு எண்டு சொல்லிச் சொல்லி அனுப்பினதும் நீங்கள்தான்.”

மாஸ்ரர் நிலத்தைப் பார்த்தார். இரும்பு நின்ற இடமெல்லாம் நிலத்தில் கறள் வட்டமாய்த் தெரிந்தது.

“என்ரை நாரி நல்லாயிருக்கு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

“சிலுவைப்பாதையிலை. ஏழாம் நிலையோடை நொண்டின கால் மாறிப்போச்சு. முடிஞ்ச கையோடை லூர்த்தம்மா அக்காவைப் பிடிச்சு விசாரிச்சன்.”

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு எழும்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“சொல்ல மறந்துபோனன். நாளைக் காலமையும் ஆறு மணிக்கு எல்லாரும் கூடுகினமாம்.”

மாஸ்ரர் திடுக்கிட்டுப் பார்த்தார். “நாளைக்கோ? உயிர்ப்புக்குப் பிறகோ?”

“ஓம். லூர்த்தம்மா அக்கா வீட்டிலை அலுமாரியை மற்ற அறைக்கு அரக்க வேணுமாம். வாற கிழமை கனகாம்பிகையின்ரை வீட்டுக்கு. இப்பிடியே முறை வைச்சுச் செய்வம் எண்டு குசினியிலை கதைச்சவை. உங்களைக் கட்டாயம் வரட்டாம்.”

“என்னையோ?” மாஸ்ரரின் முதுகு நிமிர்ந்தது. தோள் பின்னுக்குப் போனது. “எப்பிடித் தூக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கவோ?”

“இல்லையப்பா. அலுமாரிக் கதவைக் கழட்டினால், அதிலை இருக்கிற கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிக்க ஒரு ஆள் வேணுமாம்.”